சர்க்கரைப் பொங்கலில் கல்கண்டு

பாகூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் கோரைப்பாய் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து நான் மென்றுகொண்டிருக்கிறேன். வாயில் இருப்பது சர்க்கரைப் பொங்கலா, என் சொந்தக் கன்னமா என்று எனக்குத் தெரியவில்லை.

எதிரே பெண்ணின் அப்பா. அவர் பக்கத்தில் பங்காளிகள். கதவு மறைவில் பெண்கள். எல்லோருடைய கண்ணும் என் வாய் மேல் இருக்கிறது. என் இடது பக்கத்து உதடு என் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. தொட்டுப் பார்க்கலாம் என்றால் கையில் பொங்கல்.

"மாப்பள இன்னா ஒண்ணுமே பேச மாட்டேங்கிறாரு?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

"அவன் எப்பவுமே அப்டிதாண்ணே. கேட்டாதான் பேசுவான்" என்றாள் என் அக்கா தவமணி.

வில்லியனூரிலிருந்து மண்ணாடிப்பட்டு வரைக்கும் என்னைத் தெரிந்தவர்கள் யாராவது அந்தக் கூடத்தில் இருந்திருந்தால் அங்கேயே சிரித்துச் செத்திருப்பார்கள். மாமா, அதாவது அக்காவின் புருஷன், தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு கேள்வி

போன வாரங்களில் நான் ஏறி இறங்கிய லாரிகளைப் பற்றியும், வெட்டிய கரும்பைப் பற்றியும், தூங்கிய பஸ் நிலையங்களைப் பற்றியும் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு நெட்டப்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார்கள்: இப்படிக் கால் நிற்காதவனுக்கு எந்த மகராசி கழுத்தை நீட்டினாள்?

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் என் பல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எட்டாவது தாண்டாமல் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்பா அம்மா போனபிறகு அக்கா வீடுதான் வீடு. அங்கேயும் நாலு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. லாரியில் கிளீனராகப் போவேன், வருவேன். கரும்பு வெட்டுக்குப் போவேன், வருவேன். விழுப்புரத்தில் ஒரு ஓட்டலில் மாவாட்டினேன். சாப்பாடு கிடைத்த இடத்தில் சாப்பிட்டேன். கிடைக்காத நாளில் தாடைக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

முப்பதை நெருங்கும்போது ஒரு நாள் ஆசை வந்தது. ஒரே இடத்தில், ஒரே தட்டில், ஒரே கையால் போட்ட சோற்றைத் தினமும் சாப்பிட வேண்டும் என்று. அக்காவிடம் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். உடனே பெண் தேட ஆரம்பித்தாள்.

பார்த்த வீட்டிலெல்லாம் ஒரே பேச்சுதான். பையன் நல்லவன்தான், ஆனால் நாளைக்கு எங்கே இருப்பான்? கரையாம்புத்தூரில் ஒரு வீட்டில், "பொண்ண லாரியிலயே ஏத்தி அனுப்பட்டுமா?" என்றே கேட்டுவிட்டார்கள்.

கடைசியாக வந்தது பாகூர்ச் சம்பந்தம். பெண் பெயர் அஞ்சலாட்சி. சொந்தமாகக் கொஞ்சம் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். "இதுவும் போச்சின்னா நான் இனிமே யாரு வூட்டு வாசல்லயும் போயி நிக்க மாட்டேன்டா. ஓட்டல் சோத்தயே தின்னுட்டுக் கெட" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

அந்த வாரம் பார்த்து என் கன்னம் வீங்கியது.

கன்னம்

இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல். அதில் ஓட்டை விழுந்து வருஷமாகிறது. கிராம்பு வைத்தேன், புகையிலை வைத்தேன், லாரி டிரைவர் ஒருவர் சொன்னார் என்று ஒரு துளி டீசல்கூட வைத்தேன். டீசல் மட்டும் யாரும் வைக்க வேண்டாம். மூன்று நாளைக்குச் சோறு மணக்காது.

அக்கா என் கன்னத்தைப் பார்த்தாள். "போட்டாவுல இருக்கறவன் வேற, வந்தவன் வேறன்னு சொல்லிடுவாங்கடா. போயி புடுங்கிகினு வா."

முதல் நாள் போனேன். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பல் டாக்டர் இல்லை. மறுநாள் வா என்றார்கள். மறுநாள்தான் பெண் பார்க்கும் நாள். அப்போதெல்லாம் எங்கள் பக்கத்திலிருந்து பாகூருக்குப் போக வேண்டும் என்றால் டவுனுக்கு வந்து பஸ் மாற வேண்டும். சரி, காலையில் பல்லைக் கொடுத்துவிட்டு, பஸ் நிலையத்தில் அக்காவோடு சேர்ந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் மரத்துப்போக ஊசி போடுவார்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

மேஸ்திரி

பல் டாக்டர் குண்டாக, மூக்குக் கண்ணாடி மூக்கு நுனியில் நிற்க, சந்தோஷமாக இருந்தார். பல் டாக்டர் ஒருவர் அவ்வளவு சந்தோஷமாக இருப்பது எனக்குப் பயமாக இருந்தது. பழைய பிரெஞ்சுக்காரர் காலத்து ஆள். எல்லோரையும் பிரெஞ்சில் 'முசியே', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார். மாட்டு வண்டிக்காரரையும் முசியே, மீன்காரம்மாவின் புருஷனையும் முசியே.

கீழ்ப்பல்லைப் பார்த்தார். அதற்கு நேர் மேலே இருந்ததையும் தட்டிப் பார்த்தார். "ரெண்டுமே வீணாப் போயிருக்குது முசியே" என்று சொல்லிக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று ஊசியைப் போட்டார். அது வேலை செய்ய நேரமாகும். அதுவரை அவருக்குப் பேச ஆள் வேண்டும்.

"வாயத் தொளதொளன்னு வுடு. கடிக்காத."

விட்டேன். என் முகவாயில் ஒரு விரலை வைத்து, அதன் மேல் ஒரு சின்ன ரப்பர் சுத்தியால் 'டொக்' என்று தட்டினார். என் வாய் தானே மேலே ஏறிக்கொண்டது.

"ஏன் மூடன?"

"நான் மூடல டாக்டர்."

"பின்ன யாரு மூடனா?"

கம்பவுண்டரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரையும் தினம் தட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

"மெல்றது உன் வேலைன்னு நெனச்சிகினு இருக்கறியா? நீ முதலாளி. மாடியில ஒக்காந்துகினு ஆரம்பி, நிறுத்துன்னு சொல்றதோட சரி. கீழ பொடனிகிட்ட ஒரு மேஸ்திரி இருக்கறான். ஏத்து, எறக்கு, ஏத்து, எறக்குன்னு தாளம் தப்பாம வேலை வாங்கறவன் அவன். ஒவ்வொரு பல்லு வேருலயும் ஒரு ஆள நிறுத்தி வச்சிருக்கறான். இது சோறு, இது எலும்பு, இது கல்லுன்னு அவங்கதான் சேதி அனுப்புவாங்க. கல்லுன்னு சேதி வந்துதுன்னு வை, மேஸ்திரி மாடியேறி உன்னக் கேக்க மாட்டான். அவனே தாடையத் தொறந்து வுட்டுடுவான். நீ ஆன்னு கத்தறதெல்லாம் அப்பறம்தான்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "கத்தறது யாரு டாக்டர், மேஸ்திரியா?" என்றேன்.

"கத்தறது நீ. தொறக்கற வரைக்கும்தான் அவன் பொறுப்பு. தொறந்த வாயிலேர்ந்து இன்னா வருதுங்கறது முதலாளி பொறுப்பு."

பிறகு ரெண்டு பல்லையும் எடுத்தார். வலிக்கவில்லை. யாரோ பக்கத்து வீட்டில் சுவரில் ஆணி பிடுங்குவது போல இருந்தது. பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார்.

"சேதி சொல்ற ஆளுங்கள எல்லாம் தூங்க வச்சிருக்கறேன். இப்ப மேஸ்திரிக்குக் கண்ணக் கட்டியாச்சி. பொழுது சாயற வரைக்கும் ஒண்ணும் திங்காத. சோறுன்னு நெனச்சி உன் கன்னத்தயே மென்னுடுவ."

சரி என்று தலையாட்டினேன். பெண் பார்க்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னொரு தடவை சுத்தியால் தட்டியிருப்பார்.

மாரியப்பண்ணன்

டாக்டர் சொன்னதை வேறு யாராவது நம்பாமல் இருந்திருக்கலாம். நான் உடனே நம்பினேன். அந்த மேஸ்திரியை நான் ஏற்கனவே நேரில் பார்த்திருக்கிறேன்.

கிளீனராக இருந்தபோது எங்கள் டிரைவர் மாரியப்பண்ணன் தூக்கம் வராமல் இருக்க வேர்க்கடலை தின்பார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு டப்பா இருக்கும். கை டப்பாவுக்குப் போகும், வாய்க்குப் போகும், தாடை ஓடும். அந்தத் தாடை ஓடுகிறவரை நான் நிம்மதியாக இருப்பேன். அண்ணன் விழித்திருக்கிறார் என்று அர்த்தம்.

திண்டிவனம் தாண்டி ஒரு மத்தியானம், வெயில் கண்ணைக் கூசுகிற நேரம். அண்ணன் தாடை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நானும் என் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தேன். ஒரு கேள்வி கேட்டேன், பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுகிறார். முகத்தில் அப்படி ஒரு அமைதி. வண்டி ஒரு புளியமரத்தைப் பார்த்துப் போகிறது. தாடை மட்டும் ஏற்று, இறக்கு, ஏற்று, இறக்கு.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். வண்டி ஒரு கம்பங்கொல்லையில் போய் நின்றது. அண்ணன் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "கடல தீந்துடுச்சா?" என்று கேட்டார்.

முதலாளி தூங்கிவிட்டார். மேஸ்திரி தூங்கவில்லை. டாக்டர் சொன்னபோது எனக்கு அந்தப் புளியமரம்தான் கண்ணில் வந்தது.

பஸ் நிலையம்

அக்கா பட்டுச்சேலையில், தலைநிறையப் பூவோடு நின்றிருந்தாள். மாமா கையில் பழம், வெற்றிலைப் பை. நான் பஞ்சைத் துப்பிவிட்டு, "வந்துட்டேங்கா" என்றேன். வந்தது வேறு ஏதோ ஒரு பாஷை.

அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து வாயை மோந்தாள். ஆஸ்பத்திரி மருந்து வாசனை.

"இன்னிக்கின்னு பாத்து குடிச்சிட்டு வந்தியாடா?"

நான் வாயைத் திறந்து காட்டினேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ஒரு பல்லுதானே வலிக்கிதுன்ன? தர்மாஸ்பத்திரி, சும்மா வருதுன்னு ரெண்டா குடுத்துட்டு வந்தியா?"

பஸ் ஓரமாக நின்று மூன்று பேரும் யோசித்தோம். திரும்பிப் போனால் சம்பந்தம் போய்விடும். சொன்ன நாளில் வராத மாப்பிள்ளை, அதுவும் ஊர் சுற்றுகிறவன். உண்மையைச் சொல்லலாம் என்றார் மாமா. "வரும்போதே பல்லு போன மாப்பளன்னு சொல்லுவாங்க. வாய மூடிகினு வாங்க" என்றாள் அக்கா.

கடைசியில் முடிவானது இதுதான். நான் வாயைத் திறக்கக் கூடாது. பேசுவதெல்லாம் அக்கா. சாப்பாட்டுக்குப் பயமில்லை. எங்கள் பக்கத்தில், நிச்சயமாகிற வரைக்கும் பெண் வீட்டில் சோற்றில் கை நனைக்க மாட்டோம். ஆனால் ஒரு இனிப்பும் காபியும் கொடுப்பார்கள். அதைத் தொடாமல் வைத்தால் பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

"ஒரு வாய், ரெண்டு வாய். வலது பக்கமா மெல்லு" என்றாள் அக்கா.

சொல்வது சுலபம். நாக்கிலும் பாதிக்கு உணர்ச்சி இல்லை. அது சோற்றை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று அதற்கே தெரியாது.

மறுபடியும் கோரைப்பாய்

பெண் தட்டுகளை எடுத்து வந்தாள். மாநிறம், நல்ல உயரம். தரையைப் பார்க்காமல் நேராகப் பார்த்து நடந்தாள். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கடைசித் தட்டை எனக்கு முன்னால் வைத்தாள். கதவோரம் அவள் அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்தவர்களில் அக்காவையோ மாமாவையோ பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

எவர்சில்வர் தட்டு. ஓரம் நசுங்கியிருந்தது. மாமா தட்டைப் பார்த்தேன், அதுவும் நசுங்கல். பெண்ணின் அப்பா தட்டு இரண்டு இடத்தில் நசுங்கல். வசதியான வீடுதான், தட்டு மட்டும் ஏன் இப்படி என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. பொங்கல் காத்திருந்தது.

முதல் வாய் நல்லபடியாகப் போனது. அதாவது, போனது என்று நினைக்கிறேன். இரண்டாவது வாயில் மண்டைக்குள் 'நறுக்' என்று ஒரு சத்தம்.

சத்தம் மட்டும்தான். வலி இல்லை, கூச்சம் இல்லை. தாடை நிற்கவில்லை. கண்ணைக் கட்டின மேஸ்திரி தாளம் தப்பாமல் வேலை வாங்கிக்கொண்டிருந்தான். நறநற, நறநற. மில்லில் ஏதோ அரைபடுவதை ரோட்டில் நின்று கேட்பது போல நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்குப் புரிந்தது. கல்கண்டு. சர்க்கரைப் பொங்கலில் கல்கண்டு போட்டிருக்கிறார்கள். வெல்லம் போட்டதற்கு மேல் கல்கண்டு. எப்பேர்ப்பட்ட வீடு. என் வாழ்க்கையில் எனக்காக யாரும் கல்கண்டு போட்டதில்லை. மனசு நெகிழ்ந்துவிட்டது. அக்கா சொன்னது மறந்துவிட்டது. நன்றாக அரைத்து விழுங்கிவிட்டு, வாயைத் திறந்தேன்.

"கல்கந்து போத்திக்கீங்க. நல்லா ஈக்குது."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

பெண்ணின் அப்பா தன் தட்டில் விரலை விட்டுக் கிளறினார். "கல்கண்டா? எனக்கு ஒண்ணும் வரலியே." கதவுப் பக்கம் திரும்பி, "ஏண்டி, எனக்கு மட்டும் போடலியா?" என்றார்.

பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்படியே உள்ளே போய்விட்டார். பெண் மட்டும் நின்று என்னைப் பார்த்தாள். வித்தை காட்டுகிறவனைப் பார்ப்பது போல, கண்ணை இமைக்காமல் பார்த்தாள். என் முகம் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு காபி வந்தது. வலது பக்கம் உள்ளே போனதில் பாதி இடது பக்கம் வெளியே வந்து சட்டையில் ஓடியது. எனக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது. அக்கா தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "சூடு ஆவாது இவனுக்கு" என்றாள். உதட்டோரம் சிவப்பாக ஏதோ வருவதைப் பார்த்த மாமா, கேட்காமலே ஒரு வெற்றிலையை மடித்து என் வாயில் திணித்தார். அவர் செய்த ஒரே நல்ல காரியம் அது.

உள்ளே குசுகுசுவென்று பேச்சு. பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டார்கள். போனவர் உடனே திரும்பி வந்தார். அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

"பொண்ணுக்குப் புடிச்சிருக்குதாம்" என்றார்.

ஏரிக்கரை

திரும்பும் பஸ்ஸில் அக்காவுக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம். "இந்த மூஞ்சிக்கு இவ்ளோ சீக்கிரமாவா? பொண்ணுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதான்னு பாத்தியா?"

பாகூர் ஏரிக்கரை வரும்போது ஊசியின் மரப்பு இறங்க ஆரம்பித்திருந்தது.

தூங்கிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு, காலையிலிருந்து நடந்ததை எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சொன்னார்கள். பல் பிடுங்கிய இடம், மென்று கிழித்த கன்னம், கடித்த நாக்கு. பிடுங்காமல் விட்ட ஒரு நல்ல பல்லிலும் புதிதாக ஒரு விரிசல். கல்கண்டு அவ்வளவு கெட்டியாக இருந்திருக்கிறது என்று வியந்தேன்.

கண்ணீர் கொட்டியது. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், "இன்னாம்மா, ஆம்பள இப்டி அழுவுறாரு?" என்றார்.

"கல்யாணம் நிச்சயமாயிடுச்சி" என்றாள் அக்கா.

கண்டக்டர் என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு முன்னால் போனார்.

ரேஷன் அரிசி

கல்யாணம் சுருக்கமாக நடந்தது. வில்லியனூரில் ஒரு ரூம் வாடகைக்கு எடுத்தேன். அரிசி மண்டி ஒன்றில் மூட்டை தூக்கும் வேலை. ஒரே இடம், ஒரே தட்டு, ஒரே கை. தட்டு அவள் வீட்டுச் சீரில் வந்தது. அதிலும் ஓரம் நசுங்கல் இருந்தது.

ஒரு விஷயம் மட்டும் விளங்கவில்லை. நான் சாப்பிடும்போது அஞ்சலாட்சி என் முகத்தைப் பார்க்க மாட்டாள். தாடையைப் பார்ப்பாள். அது ஓடுகிறவரை அவள் நிம்மதியாக இருப்பாள். நான் மாரியப்பண்ணனைப் பார்த்த மாதிரி.

அந்த மாதம் ரேஷன் அரிசி, அதில் கல் அதிகம். மத்தியானம் மண்டியிலிருந்து பசியோடு வந்து உட்கார்ந்தேன். குழம்பைப் பிசைந்து, பெரிய உருண்டையாக, நல்ல பல் இருக்கிற வலது பக்கத்தில் போட்டு ஒரே கடி.

நறுக்.

இந்த முறை ஆட்கள் யாரும் தூங்கவில்லை. நான் கல் என்று நினைப்பதற்கு முன்னால் வாய் ஆவென்று திறந்து நின்றது. வலி உச்சந்தலைக்குப் போனது. கண்ணில் தண்ணீர்.

திறந்த வாயோடு அவளைப் பார்த்தேன். அவள் ஒரு அடி பின்னால் போயிருந்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. என் தட்டைப் பார்த்தாள். பந்து வரப்போகிறது என்று நிற்கிறவன் எப்படி நிற்பானோ, அப்படி.

பாகூர் வீட்டுத் தட்டுகள் எல்லாம் ஏன் நசுங்கியிருந்தன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

என் வாய் இன்னும் திறந்தே இருந்தது. அது வரைக்கும் மேஸ்திரி பொறுப்பு. டாக்டரின் ரப்பர் சுத்தி ஞாபகம் வந்தது. லாரியிலும் ஓட்டலிலும் கற்ற வார்த்தைகள் எல்லாம் நாக்கு வரைக்கும் வந்து வரிசையில் நின்றன. ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினேன். கல்லை எடுத்துத் தட்டோரம் வைத்தேன். கூடவே பல்லில் ஒரு சில்லும் வந்தது. அதையும் பக்கத்தில் வைத்தேன்.

"உங்கம்மா வூட்ல கல்கண்டு போடுவாங்க. இங்க வெறுங்கல்லுதானா?" என்றேன்.

அவள் கை மெதுவாக இறங்கியது.

"அதுவும் கல்லுதான்" என்றாள்.

"எது?"

"நீங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்கி. அது கல்கண்டு இல்ல. கல்லு. அம்மாதான் பொறுக்கி எடுத்துக் குடுத்தாங்க."

உட்கார்ந்து சொன்னாள். அப்பாவுக்குச் சோற்றில் கல் கடிபட்டால் தட்டு சுவருக்குப் போகும். எத்தனையோ வருஷமாக அப்படித்தான். அதனால் பெண் பார்க்க வருகிறவன் தட்டில் ஒரு கல்லைப் போட்டுப் பார்த்துவிடு என்று அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார். முதலில் வந்தவன், "அரிசி பொறுக்கக்கூடத் தெரியாதா?" என்று கத்திவிட்டு எழுந்து போய்விட்டான். அடுத்தவன் கூடத்திலேயே துப்பினான். இன்னொருத்தன் இந்த வீட்டுக்கா கூட்டி வந்தாய் என்று தன் அம்மாவைத் திட்டினான். மறுப்பு சொல்ல வேண்டிய வேலையே இல்லை. கல்லே சொல்லிவிடும்.

"நீங்க ஒருத்தர்தான் அத்த அரைச்சி முழுங்கிட்டு நல்லா இருக்குதுன்னீங்க. அம்மா உள்ள வந்து, இவன வுட்டுடாதடின்னாங்க. பைத்தியமா இருந்தா இன்னா பண்றதுன்னேன். கத்தாத பைத்தியம்தானே, கட்டிக்கோன்னாங்க."

எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாக்டர், ஊசி, தூங்கிய ஆட்கள், கண்ணைக் கட்டின மேஸ்திரி எல்லாம் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"அப்ப அன்னிக்கி உங்களுக்கு வலிக்கவே இல்ல."

"இல்ல."

"நான் ஏமாந்துதான் கட்டிக்கினேன்."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. இந்தச் சம்பந்தமும் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அவள் தட்டோரத்தில் இருந்த கல்லையும் பல் சில்லையும் பார்த்தாள்.

"இன்னிக்கி ஊசி கீசி போட்டுகினு வந்தீங்களா?"

"இல்ல."

"வலிச்சிதா?"

"உயிரு போச்சி."

"பின்ன ஏன் தட்ட எறியல?"

"கடிச்சது கல்லு. தட்டு இன்னா பண்ணுச்சி?"

அவள் எழுந்து உள்ளே போனாள். துணி மூட்டை கட்டுகிறாள் என்று நினைத்தேன். ஒரு சோப்பு டப்பாவோடு வந்தாள். உள்ளே வெள்ளையாக, நெல்லளவில் இன்னும் ரெண்டு மூன்று கற்கள். கல்யாணத்துக்குப் பிறகும் தேவைப்படும் என்று அவள் அம்மா கொடுத்தனுப்பியது. அவற்றை ஜன்னல் வழியாகச் சாக்கடையில் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவி, அதில் சோப்பு வைத்தாள். பிறகு எனக்கு மறுசோறு போட்டாள்.

அன்றைக்குத்தான் முதல் முறையாக நான் சாப்பிடும்போது தாடையை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தாள். மாநிறம் என்று அப்போது சொன்னேனே, அவளும் என்னைப் பற்றி அதைத்தான் சொன்னாள். "போட்டாவுல செவப்பா இருந்தீங்க."

பல் செட்

அந்த நசுங்கல் தட்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கல்யாணத்தின்போது எத்தனை நசுங்கல் இருந்ததோ அத்தனைதான்.

என் பற்கள்தான் இல்லை. ஒவ்வொன்றாகப் போய், இப்போது மேலும் கீழும் செட். செட்டுக்கு வேர் கிடையாது. வேர் இல்லாத இடத்தில் ஆட்களை எங்கே நிறுத்துவது? மேஸ்திரி மட்டும் பழக்கத்தில் வேலை வாங்கிக்கொண்டிருக்கிறான். கல் அகப்பட்டால் சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான். சேதி வருவதில்லை.

போன பொங்கலுக்கு அஞ்சலாட்சி சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். அவளுக்கு இப்போது கண் முன்போல இல்லை, அரிசியை ஒழுங்காகப் பொறுக்க முடிவதில்லை. நான் பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தேன். நறநறவென்று சத்தம் எதிரே உட்கார்ந்திருந்த அவளுக்கே கேட்டிருக்கிறது.

"கல்லு மாதிரி சத்தம் கேக்குது. துப்புய்யா" என்றாள்.

"கல்கண்டு" என்றேன். "நல்லா இருக்குது."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கி, அவள் அம்மா சிரித்த மாதிரியே சிரித்து முடித்துவிட்டு, சொன்னாள்:

"இப்பதான்யா அன்னிக்கி வந்த மாப்புள மாதிரி இருக்கற."